இரண்டாவது பாகம் முழுக்கத் தம்பிக்கு

மெமரி கார்டை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு ராசி உண்டு: கார்டு நாம் சொன்னதை மட்டும் கேட்கும், கார்டின் சொந்தக்காரர் நாம் சொல்லாததையும் சேர்த்துக் கேட்பார்.

இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து அல்லாடும் பாவப்பட்ட ஜீவன்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. உள்ளங்கையில் அடங்குகிற கம்ப்யூட்டர்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. அவற்றுக்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. நகம் அளவு மெமரி கார்டுதான் எல்லாம். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தாலும் எடைமேடையிலிருந்து வெங்காயப் பட்டறை வரை எங்கள் பக்கத்தில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற வரைக்கும் யாரும் என்னை நினைக்க மாட்டார்கள். நின்றால் ஒரே நாளில் மூன்று ஊரிலிருந்து போன் வரும்.

அறுபத்து நாலு வாங்கினால் எட்டு

குரும்பலூர் பக்கத்திலிருந்து இளங்கோ வந்தார். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே அடுப்பு, ஒரே விவசாயம். இவர்தான் தம்பி, அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. சின்ன வெங்காயத்தை விலை வரும்வரை அடுக்கி வைக்கிற பட்டறைக்கு நான்தான் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் கடையிலேயே பொருத்திக் கொடுத்திருந்தேன், இளங்கோ கொண்டுபோய் மாட்டியிருந்தார். காற்றில் ஈரம் கூடினால் அது தானாக ஃபேனைப் போடும், எவ்வளவு ஈரம் என்று எழுதியும் வைக்கும். எழுதி எழுதி எட்டு ஜிபி கார்டு நிரம்பி, மிஷின் நின்றுவிட்டது. இளங்கோ வீடியோ பார்த்து, அறுபத்து நாலு ஜிபி கார்டு வாங்கி, பழையதை அப்படியே புதியதில் காப்பி பண்ணிப் போட்டிருக்கிறார். அதுவும் எட்டு என்றே காட்டியது, அதுவும் நிரம்பிவிட்டது என்றே சொன்னது. "ஏமாத்திட்டாங்க மேடம், டூப்ளிகேட் கார்டு" என்று போனில் எடுத்த படத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

கார்டு நல்ல கார்டுதான் என்றேன். அப்படியே காப்பி பண்ணும்போது பழைய கார்டின் எல்லைக்கோடும் சேர்ந்து வந்துவிடும். பெரிய நிலத்தை வாங்கிவிட்டு, பழைய சின்ன நிலத்துக்குப் போட்ட வேலியைக் கொண்டுவந்து அதே அளவுக்கு நட்ட கதை. மிச்ச இடம் சும்மா கிடக்கும். எங்கள் தொழிலில் பார்ட்டிஷன் என்கிற அந்தக் கோட்டைக் கடைசிவரை தள்ளி வைத்தால் போதும், ஐந்து நிமிட வேலை. நாளைக் காலையில் நானே வருகிறேன், அதுவரை ஃபேனைக் கையால் போட்டு அணையுங்கள் என்றேன். அன்று மத்தியானமே அவர் வெங்காய லோடோடு திருச்சி மண்டிக்குப் போக வேண்டியிருந்தது. படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"வேலி போடாத எடத்த நம்மூர்ல வுட்டு வச்சா பக்கத்துக் காட்டுக்காரன் உழுதுருவான். சீக்கிரம் வந்து தள்ளிப் போடுங்க மேடம்."

லாரிகள் வரிசையில் நின்றபோது

அன்று சாயங்காலம் அரியலூரில் இதே வேலை. சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடுகிற ஒரு எடைமேடையில் கார்டு நிரம்பிப் போயிருந்தது. வெளியே லாரிகள் புகையைக் கக்கிக்கொண்டு வரிசையில் நின்றன. நான் முதலில் எல்லாவற்றையும் காப்பி எடுக்க ஆரம்பித்தேன். காப்பி எடுக்காமல் கோட்டைத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தைரியசாலிகள், அவர்கள் வாடிக்கையாளர்கள்தான் பிறகு என்னிடம் வருவார்கள்.

காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது, நாளை வருவதை ஞாபகப்படுத்த இளங்கோவைக் கூப்பிட்டேன். போன் அணைந்து கிடந்தது. வீட்டு நம்பருக்குப் போட்டேன். அவருடைய அண்ணி பூங்கோதை எடுத்தார். லாரி ஹாரனுக்கு நடுவில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. நான் சொன்னது இதுதான்: "இளங்கோ சொன்னாருங்க. நாளைக்குக் காலைல வந்து பார்ட்டிஷன் வேலைய முடிச்சுக் குடுத்துடறேன். பெரியவரையும் வூட்லயே இருக்கச் சொல்லுங்க. பட்டறச் சாவிய எடுத்து வைக்கச் சொல்லுங்க." அந்தப் பக்கம் "சரிங்க" என்று ஒரு குரல் வந்தது, லைன் போய்விட்டது. நான் வேலையைப் பார்த்தேன்.

வேலை முடிந்து எடைமேடை உயிர் பெற்றது. திரையில் காலியிடம் தாராளமாகத் தெரிந்ததை எட்டிப் பார்த்த லாரி டிரைவர் ஒருவர் சொன்னார்:

"ஃபுல்லுன்னு சொன்னதுக்குள்ள இவ்ளோ எடம் காட்டறீங்களே, நீங்க மினி பஸ்ஸுக்குக் கண்டக்டராப் போயிருக்கணும்க்கா."

நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்

எங்கள் பக்கத்தில் பார்ட்டிஷன் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். அண்ணன் தம்பி சொத்தைப் பாகம் பிரித்துக்கொள்வது. நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் புதிதாகக் கல்யாணமான தம்பி, சொல்லாமல் கொள்ளாமல் சொத்தை அளந்து பிரிக்க டவுனிலிருந்து ஒரு பெண்ணை ஏற்பாடு செய்து பார்ட்டிஷன் கேட்கிறான், அண்ணனைச் சாவியோடு வீட்டில் இருக்கச் சொல்கிறான் என்று அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்று அங்கே யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. இளங்கோவின் புது மனைவி காரணம் தெரியாமல் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளிடம் யாரும் பேசவில்லை. ஒற்றுமையாக இருந்த ஒரு குடும்பம் என் ஒரு வார்த்தையில் உடையப் பார்த்தது. இது எதுவும் தெரியாமல்தான் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெரியவர், அதாவது அண்ணன் தங்கராசு, வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர்களுடைய தாய்மாமன், ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர். சாவி ஒரு தட்டில் இருந்தது. ஒரு மெமரி கார்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெரியவர் கேட்டார், "எப்படிங்க பிரிக்கப் போறீங்க?" நான் எப்போதும் போல விளக்கினேன். "பிரிக்கறதுக்கு ஒண்ணும் இல்லிங்க, ஏற்கெனவே ரெண்டு பாகமாத்தான் இருக்கு. மொதல் பாகம் சின்னது, அதுல கைய வைக்கவே கூடாது. ரெண்டாவது பாகத்தத்தான் கடைசி வரைக்கும் இழுத்து விடணும். மிச்சம் இருக்கற எடம் முழுக்க ரெண்டாவதுக்குத்தான்."

கார்டைப் பற்றிச் சொன்னால் அது நூற்றுக்கு நூறு சரி. பூங்கோதை கதவைப் பிடித்துக்கொண்டு, "மொதல் பாகம் சின்னதா? யாரு சொன்னது?" என்று அழ ஆரம்பித்தார். பெரியவர் அவரைக் கையமர்த்தினார். சாவித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "அவன் கேட்டபடியே குடுத்துருங்க. எனக்கு இந்த வூடு இருந்தாப் போதும்" என்றார். அப்போதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. கம்ப்யூட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவசரமாகக் கேட்டேன். தாய்மாமன் தன் மஞ்சள் பையைத் திறந்துகொண்டே குழம்பிப்போய்ச் சொன்னார்:

"கம்ப்யூட்டர்லயேவா அளக்கறீங்க? நான் அளக்கற டேப்பு கொண்டாந்தனே."

திரை கறுப்பாக இருந்த நேரம்

நான் வாயால் விளக்கப் பார்த்தேன். பார்ட்டிஷன் என்ற சொல்லை எடுத்தாலே பூங்கோதையின் அழுகை கூடியது. இனிப் பேசிப் புண்ணியமில்லை, செய்து காட்டுவதுதான் வழி என்று எல்லாரையும் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். அந்த நேரத்தில் இளங்கோ மண்டியிலிருந்து வந்து இறங்கினார். "என்ன மேடம், கார்டப் பெருசு பண்ணியாச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர், எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். வீட்டு டிவியைத் தூக்கிவரச் சொல்லி அதில் இணைத்தேன். காப்பி எடுத்தேன், அன்றைக்கும் அதை விடவில்லை. பிறகு திரையில் கைவைத்துக் காட்டினேன். "இது மொதல் பாகம், கம்ப்யூட்டர் முழிச்சுக்கறதுக்கு. இது ரெண்டாவது, ஈரக் கணக்கு எழுதறது. அந்தப் பக்கம் பூரா யாருதும் இல்ல, சும்மா கெடக்கு. இதத்தான் நான் நேத்து போன்ல சொன்னேன்." "இதப் போயி பாகம் பிரிக்கறதுன்னு நெனச்சுட்டமே" என்று தாய்மாமன் முதலில் சிரித்தார். பூங்கோதை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். போய் இளங்கோவின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். நான் கோட்டைத் தள்ளும் கட்டளையைக் கொடுத்து, மிஷினை அணைத்துப் போட்டேன். திரை கறுப்பானது.

இளங்கோ மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இப்போதுதான் முழுதும் விளங்கியிருந்தது. "நான் பாகம் கேட்டேன்னு நீ நம்பிட்டியாண்ணே?" என்றார். நான் இந்த வேலையில் எத்தனையோ தடவை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், மறுபடி எழுந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அன்றைக்கு அந்த அண்ணன் தம்பியைப் பார்த்தபோதுதான் பயமாக இருந்தது. பாகம் பிரியாமலே இவர்கள் பிரிந்துவிடுவார்களோ என்று தோன்றியது. பெரியவர் தரையில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த வெங்காயத்தைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தார்.

திரை வந்தது. ஐம்பத்துச் சொச்சம் ஜிபி காலி என்று காட்டியது. தலைக்கு மேலே ஃபேன் தானாக ஓட ஆரம்பித்தது. அந்தக் காற்றில் வெங்காயச் சருகு பறந்து இளங்கோவின் சட்டையில் ஒட்டியது. பெரியவர் எழுந்து வந்து அதைத் தட்டிவிட்டார். தட்டிவிட்ட கையைத் தோளிலிருந்து எடுக்காமல் சொன்னார்:

"நீ கேட்டா எதக் குடுக்கறதுன்னுதான்டா ராத்திரி பூரா யோசிச்சேன். கேப்பியா மாட்டியான்னு யோசிக்கத் தோணல."

அன்றிலிருந்து நான் போனில் "இடத்தைப் பெருசு பண்ணித் தரேன்" என்று மட்டும்தான் சொல்கிறேன், என்னைக் கொத்தனார் என்று நினைத்து இதுவரை இரண்டு பேர் கூப்பிட்டாகிவிட்டது.