கட்டுப் போட்டவரும் வண்டிக்காரரும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் தூத்துக்குடியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வீட்டுக்காரர் ஒரு டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். துறைமுகத்துக்கு உப்பு மூட்டை ஏற்றிப் போகும் மாட்டுவண்டிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது செவலை நிறத்தில் ஒரு நாய்க்குட்டி பின்னாலேயே வந்தது. நான் கதவைச் சாத்துவதற்குள் அது எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டது.

அவருக்கு நாய் ஆகாது. கிருமிகளைப் பற்றித் தமக்குத் தெரிந்த அளவு டாக்டருக்கே தெரியாது என்பது அவருடைய எண்ணம். நாயைத் தொட்டால் குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் போக வேண்டும் என்று எனக்குச் சட்டம் போட்டார். குட்டிக்கோ உலகத்தில் வேண்டாதவர் என்று யாருமே இல்லை. தபால்காரர் வந்தாலும் மோர்க்காரி வந்தாலும் வாலோடு சேர்த்து உடம்பு முழுவதையும் ஆட்டும். திருடன் வந்தால் இது விளக்குப் பிடிக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பிரியம்தான் அதை வண்டிச் சக்கரத்துக்கு அடியில் கொண்டுபோய் விட்டது. மாட்டை வரவேற்க ஓடியிருக்கிறது. சக்கரம் பின்னங்காலில் ஏறிவிட்டது. வண்டிக்காரர் அதைத் தம் தலைத்துண்டில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். வயதில் மூத்தவர். கண் கலங்கியிருந்தது.

“டீச்சரம்மா, நான் பாக்கலம்மா. அடியில வந்துட்டு” என்றார்.

நான் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கையில், உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். இதுவரை குட்டியைக் கால் விரலால்கூடத் தொடாதவர், முட்டுக்குத்தி உட்கார்ந்து காலைத் தடவிப் பார்த்தார். எலும்பு முறிந்திருக்கிறது என்றார். முறிந்த காலுக்கு அணைகொடுக்கப் பனைமட்டையைச் சிம்பாகக் கீறினார். தம் பழைய வேட்டியை நீளவாக்கில் கிழித்தார். நான் பிடித்துக்கொள்ள, புண்ணில் டிங்சர் போட்டுக் கட்டினார். குட்டி அலறியபடி அவர் கட்டை விரலைக் கடித்தது. கையை உதறிவிட்டு முடிச்சை இறுக்கினார்.

தினமும் காலையில் கட்டை அவிழ்த்துப் புண்ணைத் துடைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். டிங்சருக்கே தட்டுப்பாடான காலத்தில் அவர் அதை எப்படியோ தேடிக்கொண்டு வந்தார். குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன் குணம் அடியோடு மாறிவிட்டது. என் சேலை தெரிந்தாலே கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் பல்லைக் காட்டும். அவர் டிஸ்பென்சரியிலிருந்து திரும்பி வாசற்படியில் கால் வைக்கும்போதே உறுமத் தொடங்கிவிடும். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் இருந்த இடத்திலேயே நடுங்கி ஈரம் பண்ணிவிடும். வெறி பிடித்துவிட்டதோ என்று பயந்து, அது தண்ணீர் குடிக்கிறதா என்று ஜன்னல் வழியாக அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அது நன்றாகவே குடித்தது.

இதற்கிடையில் அந்த வண்டிக்காரர் சாயங்காலந்தோறும் வந்தார். சத்தம் கேட்டால் குட்டி பயப்படும் என்று வண்டியைத் தெருமுனையிலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு, இலையில் பொதிந்த சாளை மீனோடு நடந்து வருவார். அவரைக் கண்டதும் குட்டி மூன்று காலில் குதித்துக்கொண்டு போய், மடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும். நாங்கள் இருவரும் வேற்று மனிதர் மாதிரி நின்று பார்ப்போம்.

“ஏளா, கேட்டியா? ஏத்துனவருக்கு வாலாட்டுது. கட்டுப் போட்டவனைக் கடிக்க வருது” என்றார் என் வீட்டுக்காரர் ஒரு நாள். கடிபட்ட கட்டை விரலைத் தடவிக்கொண்டார்.

வண்டிக்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. தான் இனி வராமல் இருந்துகொள்வதாகச் சொன்னார். நான்தான் தடுத்தேன். வகுப்பில் கணக்குக்கு அடி வாங்கிய பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு என்னைத்தானே வெறுத்தார்கள்? குட்டிக்குச் சக்கரம் யாருடையது என்று தெரியாது. ஆனால் தினமும் காலையில் வலி எங்கள் கையிலிருந்து வந்தது என்பது நன்றாகத் தெரியும். அதன் கணக்கில் பிழை இல்லை.

சிம்பைக் கழற்றியபின் நான் அதைத் தேடிப் போவதை விட்டுவிட்டேன். புறவாசலில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு துண்டு மீனை வைத்துவிட்டுக் கீரை ஆய்வேன். முதலில் மீன் அப்படியே கிடந்தது, காக்காய் கொண்டுபோயிற்று. பிறகு நான் எழுந்து போனதும் தின்றது. பிறகு நான் இருக்கும்போதே தின்றது. ஒரு நாள் என் முழங்கையில் ஈரமூக்கு பட்டது. திரும்பிப் பார்க்காமல் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தேன். கண்ணில் நீர் வந்து, கீரையையும் பூச்சியையும் ஒன்றாகவே சட்டியில் போட்டிருப்பேன்.

அவரிடம் மட்டும் வரவில்லை. அவர் மேல் எப்போதும் டிங்சர் வாடை அடிக்கும். நான் அதைச் சொன்னபோது, ஒரு நாய்க்காக உத்தியோகத்தை விட முடியுமா என்று கேட்டார். மறுநாள் வீடு திரும்பியவர் நேரே கிணற்றடிக்குப் போய், ரேஷன் காலத்தில் பொத்திப் பொத்தி வைத்திருந்த சோப்பைத் தேய்த்துக் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டு அதற்கு எதிரே உட்கார்ந்தார். நாயைத் தொட்டால் குளிக்கச் சொன்னவர், நாயைத் தொடுவதற்காகக் குளித்தார். அன்றிலிருந்து தினமும் அதே வழக்கமாயிற்று.

குட்டியின் காலில் கொஞ்சம் கோணல் நின்றுவிட்டது. பழைய வெள்ளை மனசும் திரும்பவில்லை. தபால்காரர், மோர்க்காரி, பாதிரியார் என்று வேற்றுமை பாராமல் எல்லோரையும் பார்த்துக் குரைத்தது. நல்ல காவல் நாயாகப் பழக்கிவிட்டீர்களே என்று அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள். அவரும் மறுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம். ஜெபக்கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டது. நான் முக்காடு போட்டுக்கொண்டு வெளியே வந்தால், அவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். குட்டி அவர் பாதத்தின் மேல் மோவாயை வைத்துத் தூங்குகிறது.

“நீ முன்னால போ. நான் பொறவு வாரேன்” என்றார் மெல்ல.

அன்று அவர் வரவில்லை. பாதிரியார் விசாரித்தபோது, அவருக்குக் கால் மரத்துப்போயிருக்கிறது என்று சொன்னேன். அது பொய் இல்லை.