லக்ரிஸ் 'நை' சொன்ன நாள்

இந்த வாரம் உங்களுக்கு ஒரு புது ஆளை அறிமுகப்படுத்துகிறேன். பெயர் லக்ரிஸ். வயது ஐந்து. யாழ்ப்பாணத்துப் பிள்ளை; இப்போது டென்மார்க்கில், எங்கள் சில்க்போர்க்கில், நான் குடியிருக்கும் அதே கட்டடத்தில், எனக்கு மேல்மாடி.

லக்ரிஸ் என்பது இங்கே விற்கும் ஒரு கறுப்பு இனிப்பு. அதிமதுரத்தை இறுகக் காய்ச்சி, ஞாபக மறதியாக அதில் உப்பையும் கொட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அதேதான். டெனிஷ்காரர் வீட்டில் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, துப்ப இடமில்லாமல் விழுங்கியவன் நான். பிள்ளைகளோ அதற்கு உயிரை விடுகிறார்கள்.

அது ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு எப்படிப் பெயரானது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன், பொறுங்கள். அதற்குள் அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிட்ட சில்க்போர்க் வாசகர்கள், தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு இருக்கவும்.

போன மாதம் ஒரு மாலை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன்... கதவில் தட்டல். லக்ரிஸின் அப்பா.

"அண்ணை, பிள்ளையின்ர பேர்னஹேவவில இருந்து கூப்பிட்டவை. நாளைக்கு ஒரு பொம்பிளை வந்து பிள்ளையைச் சோதிக்கப் போறாவாம். நீங்களும் ஒருக்கா வரவேணும்."

பேர்னஹேவ என்றால் இங்கத்தைய பாலர் பள்ளி. நான் என்றால்... இந்தக் கட்டடத்தின் மொழிபெயர்ப்பாளர். டெனிஷ் வகுப்பில் எல்லோரையும்விட உரத்துப் பேசியதால் கிடைத்த பதவி.

"என்ன சோதினை?"

"தெரியாதண்ணை. பேப்பர் ஒண்டு அனுப்பினவை. நான் அப்பவே சைன் வைச்சுக் குடுத்திட்டன்."

வாசிக்காமலா என்று நான் கேட்கவில்லை. அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இருக்கலாமா, போகவேண்டுமா என்ற பதிலுக்காக அந்த வீடே தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் டெனிஷ்காரர் எதை நீட்டினாலும் அந்த மனிதர் கையெழுத்துப் போடுவார்.

அன்று மாலை முழுக்க மேல்மாடியில் பாடம் நடந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம்... எல்லாம் டெனிஷில். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி, பெயரைக் கேட்டால் தலையைக் குனியாமல் சொல்வது எப்படி என்றும் ஒத்திகை. அம்மாவின் குரல் என் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்தது.

காலையில் பார்த்தால் — சரிகை வைத்த சட்டை, வெள்ளைக் காலுறை, முகம் நிறையப் பவுடர், ரிப்பன்! பேர்னஹேவ முற்றத்திலோ மற்றப் பிள்ளைகள் எல்லாம் றப்பர் சப்பாத்தும் மழை உடுப்புமாகச் சேற்றில் புரண்டுகொண்டிருந்தார்கள். லக்ரிஸ் அவர்களை ஏக்கத்தோடு பார்த்தாள். யார் அதைக் கவனித்தோம்?

வந்த பெண்ணின் பெயர் கிர்ஸ்டன். ஆசிரியர் கல்லூரியில் இருந்து வருகிறாள். இரண்டு மொழிப் பிள்ளைகள் விளையாடும்போது எந்த மொழியில் எதைப் பேசுகிறார்கள் என்று ஆராய்ச்சி. சோதனையும் இல்லை, கீதனையும் இல்லை. சும்மா பக்கத்தில் இருந்து பார்ப்பாள், பேச்சை ரெக்கார்டரில் பதிவுசெய்வாள்... அவ்வளவுதான்.

நான் அதை விளக்கி முடிப்பதற்குள் அவள் தரையில் சம்மணம் கட்டி உட்கார்ந்துவிட்டாள். லக்ரிஸின் அப்பா பதறிப்போனார். படித்த பெண் நிலத்தில் இருக்கும்போது தான் கதிரையில் இருக்கலாமா? எழுந்தார், குனிந்தார், கடைசியில் சுவரோரமாகக் குந்திக்கொண்டார்.

கிர்ஸ்டன் ரெக்கார்டரைப் பிள்ளையின் முன்னால் வைத்தாள். தொட்டுப் பார்க்கவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீ எப்படி விளையாடுகிறாய் என்று எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். நான் பக்கத்தில் இருந்து பார்க்கட்டுமா? இதில் உன் பேச்சைப் பதியட்டுமா? விருப்பமில்லை என்றால் சொல்லலாம். இன்றைக்கு ஓம் என்று சொல்லிவிட்டு நாளைக்கு மாட்டேன் என்றும் சொல்லலாம்."

இவ்வளவையும் ஒரு ஐந்து வயதுப் பிள்ளையிடம்!

லக்ரிஸ் ரெக்கார்டரை உற்றுப் பார்த்தாள். கிர்ஸ்டனைப் பார்த்தாள்.

"நை."

டெனிஷில் 'இல்லை'. இதை மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை. அப்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"ஓம் எண்டு சொல்லு பிள்ளை! எங்கட மானத்தை வாங்காத!"

அம்மா வேறு வழியில் போனா. கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தா. "ஓம் எண்டு சொன்னா லக்ரிஸ் முழுக்க உனக்குத்தான் குஞ்சு."

பிள்ளை பொட்டலத்தைப் பார்த்தாள். ரெக்கார்டரைப் பார்த்தாள். மறுபடி பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு சோகமாக, "யா" என்றாள். அதாவது, ஓம்.

அம்மா என்ன சொன்னா என்று கிர்ஸ்டன் என்னிடம் கேட்டாள். 'உற்சாகப்படுத்தினா' என்று சமாளிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் பொட்டலம் அம்மாவின் கையில் சரசரத்துக்கொண்டிருந்ததே... உள்ளதைச் சொன்னேன்.

கிர்ஸ்டன் சிரித்துவிட்டாள். "அந்த 'யா' இனிப்புக்காக வந்தது. 'நை' அவளுடையது. நான் 'நை'யையே எடுத்துக்கொள்கிறேன்." ரெக்கார்டர் பைக்குள் போய்விட்டது.

"ஏன் மாட்டனெண்டவ எண்டு கேளுங்கோ அண்ணை!" என்றார் அப்பா.

"காரணம் சொல்லத் தேவையில்லை. 'நை' போதும்" என்றாள் கிர்ஸ்டன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வீட்டுக்கு விருந்தாளி வந்தால், "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு." மாட்டேன் என்றால் ஒரு முழிசல். பிள்ளையிடம் நாம் என்றைக்காவது கருத்துக் கேட்டிருக்கிறோமா? ஒரேயொரு கேள்வி கேட்போம் — "அப்பாவில விருப்பமோ, அம்மாவில விருப்பமோ?" உலகத்திலேயே பதில் சொல்ல முடியாத கேள்வியாகப் பார்த்து அதைத்தான் கேட்போம்!

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்பா என் சட்டைக் கையைப் பிடித்தார். குரல் உள்ளே போயிருந்தது. "அண்ணை... பிள்ளை மாட்டனெண்டதால எங்கட கேசுக்கு ஒண்டும் வராதோ?"

அதை மொழிபெயர்த்தேன். கிர்ஸ்டனின் சிரிப்பு அப்படியே நின்றது. முகம் சிவந்துபோனது. அவள் இதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. பைக்குள் கையை விட்டு, அவர் கையெழுத்துப் போட்ட பேப்பரை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"உங்கள் வழக்குக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பயந்து வைத்த கையெழுத்து எனக்கு வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசியுங்கள். நீங்களும் 'நை' சொல்லலாம்."

அவர் அந்தப் பேப்பரை இரண்டு கையாலும் வாங்கினார். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து எத்தனையோ பேர் அவரிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். 'உங்களுக்கு விருப்பமா' என்று யாரும் கேட்டதில்லை. மொழிபெயர்ப்பாளர் அழக்கூடாது என்பதால் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அன்று பின்னேரம் மாடிப்படியில் லக்ரிஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே டெனிஷில் சொன்னாள்: "நான் கசற்றுக்குள்ள போனால் அம்மா அழுவா."

எனக்குப் பொறிதட்டியது. ஊரில் இருந்து அவர்களுக்குக் குரல் பதிந்த கசற் நாடா வரும். பெரியம்மா, சித்தப்பா, மச்சாள்மார் எல்லோரும் வரிசையாகப் பேசி அனுப்புவார்கள். யுத்தத்துக்குள் இருக்கும் ஊர் நிலைமை உங்களுக்குத் தெரியும். அந்தக் கசற்றைக் குசினி மேசையில் போட்டுக் கேட்டுவிட்டு அம்மா அழுவா. அந்தப் பெட்டிக்குள் போனவர்கள் எல்லோரும் அம்மாவை அழவைக்கிறவர்கள்... தானும் போனால்? பிள்ளையின் கணக்கில் என்ன பிழை?

அம்மாவிடம் சொன்னேன். "ஐயோ, என்ர செல்லம்!" என்று சிரித்தா. உடனே அழுதா. பிறகு செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். வீட்டு ரெக்கார்டரை எடுத்து, பொத்தானைப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒரு வெற்றுக் கசற்றில் இருவரும் பேசினார்கள். பூனை மாதிரிக் கத்தினார்கள். போட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். என் தலைக்கு மேலே அந்தச் சிரிப்பு இரவுச் சாப்பாடு வரை நடந்தது.

அப்பா? பேப்பரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மந்திரி மாதிரித் திரிந்தார். "இன்னும் முடிவெடுக்கேல்லை அண்ணை. யோசிக்கிறன்." அந்த 'யோசிக்கிறன்' அவர் வாயில், பிள்ளை வாயில் லக்ரிஸ் மாதிரி இனித்தது. கிர்ஸ்டன் ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. ஒருநாள் என்னைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

கிர்ஸ்டன் மறுபடி பிள்ளையிடம் கேட்டாள். இந்த முறை சரிகைச் சட்டை இல்லை. மழை உடுப்பும் சேறும்தான். லக்ரிஸ் ஒரு நிபந்தனை போட்டாள் — பொத்தான் தன் கையில் இருக்கவேண்டும். இப்போது நினைத்தபோது போடுகிறாள், நினைத்தபோது நிறுத்துகிறாள். கிர்ஸ்டனின் ஆராய்ச்சியில் பாதி வெறும் 'டக்', 'டக்' சத்தமாம். அவளுக்கு அதிலும் சந்தோஷம்!

எந்தப் பிள்ளையின் உண்மைப் பெயரையும் எழுதமாட்டாளாம். ஆளாளுக்கு ஒரு பெயரைத் தெரிவு செய்யச் சொன்னாள். எங்கள் ஆள் என்ன தெரிவு செய்தாள் என்று இனியும் சொல்லவேண்டுமா?

எனக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது. இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன், மேல்மாடிக்குப் போய், அப்பாவையும் அம்மாவையும் கேட்டேன். சம்மதம். பிறகு தரையில் உட்கார்ந்து — முழங்கால் நோவோடு — லக்ரிஸுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பூனை மாதிரிக் கத்திய இடத்தில் சிரித்தாள். எழுதலாம், ஆனால் அந்தப் பொட்டலம் கடைசியில் தனக்குக் கிடைத்தது என்பதையும் எழுதவேண்டும் என்றாள். எழுதிவிட்டேன்.

"பத்திரிகையில உங்கட படமும் போடட்டோ?" என்று அவளிடம் கேட்டேன்.

"நை."

ஏன் என்று நான் கேட்கவில்லை.