அஞ்சலாட்சி அக்காவின் இங்கிலீஷ் பரீட்சை

என் மகள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு போனில் இங்கிலீஷ் பழகுகிறாள். போனுக்குள் இருக்கும் பெண்மணி, “கிவ் மீ தி டவல்” என்கிறாள். சரியான படத்தைத் தொட்டால் மணிச் சத்தம். தப்பான படத்தைத் தொட்டால் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். நேற்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் செருமல் கேட்டது. கை அப்படியே நின்றுவிட்டது. யாருக்கோ வேலை போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றியது. இருபது வருஷம் ஆகியும் அந்தப் பயம் என்னைவிட்டுப் போகவில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் ஒரு காலத்தில் இங்கிலீஷ் டீச்சர். சிரிக்காதீர்கள். மரக்காணத்தில், சுனாமி வந்துபோன மறுவருஷம், ஒரு தொண்டு நிறுவனம் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் பெண்களுக்கு அடிப்படை இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தது. நான் அப்போது தபால்வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் தாளில் மட்டும் இரண்டு அரியர். வேறு யாரும் விண்ணப்பிக்காததால் எனக்கு வேலை கிடைத்தது. அரியரைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

வகுப்பு நடந்தது தகரக் கூரை போட்ட ஒரு பழைய உப்புக் கொட்டகையில். இன்றைக்கும் ஈரச் சாக்கு வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ‘திஸ் இஸ் எ டேபிள்’ ஞாபகம் வந்துவிடும். சாக்பீஸை அங்கே வைத்துவிட்டுப் போனால் மறுநாள் நமத்துப் போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் மூடிக் கிடக்கும். பெண்களுக்கு வேலை இருக்காது. மதியச் சோறு முடிந்ததும் பன்னிரண்டு பேர் வருவார்கள். உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை.

“நடந்தாத்தான் வருது டீச்சர். குந்திக்கினு இருந்தா தூக்கம்தான் வருது” என்று ஒருத்தி சொன்னாள்.

அதுவும் சரிதான். வருஷக்கணக்கில் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக நடந்தவர்கள். அப்படியே கொட்டகையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். முன்னால் போகிறவள் ‘ஸ்பூன்’ என்பாள், பின்னால் வருகிறவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். பிறகு பிளேட், டவல், பக்கெட். நானும் கடைசியில் சேர்ந்து நடந்தேன். துடைப்பத்துக்கு ‘ப்ரூம்’ என்று பேர் என்பதை நானே அந்த வரிசையில்தான் கற்றுக்கொண்டேன்.

எப்போதும் முன்னால் நடப்பவள் அஞ்சலாட்சி அக்கா. முப்பத்தைந்து வயது, புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். மற்றவர்கள் பொழுதுபோக வந்தார்கள். அவள் அப்படி வரவில்லை. வெயிலில் உப்பின் வெள்ளை அடித்து அடித்து அவள் கண் கெட்டுப்போயிருந்தது. இன்னும் ஒரு வருஷம் அளத்தில் நின்றால் பார்வை தாங்காது என்று பாண்டிச்சேரியில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தை பிறந்தால் அளம் திறந்துவிடும். அதற்குள் அவளுக்கு வேறு வேலை கிடைத்தாக வேண்டும்.

மார்கழியில் ஒரு வழி திறந்தது. பெரிய முதலியார்சாவடியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் சமையலறை உதவிக்கு ஆள் வேண்டும், சாதாரண இங்கிலீஷ் புரிந்தால் போதும் என்றார்கள். அக்கா வீட்டுக் கதவு, ஜன்னல், குடம் எல்லாவற்றின் மேலும் கரியால் அதனதன் இங்கிலீஷ் பெயரைத் தமிழில் எழுதி வைத்துப் படித்தாள். பரீட்சைக்கு நானும் துணைக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதுகூட அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

“டீச்சர், பயமா இருக்குது. நீங்க பக்கத்துலயே நில்லுங்க” என்றாள்.

விடுதிக்காரம்மா ஒரு வெள்ளைக்காரர், நல்ல மாதிரிதான். எங்கள் இருவருக்கும் டீ கொடுத்தார். என்னிடம் இங்கிலீஷில் கடகடவென்று ஏதோ கேட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. “எஸ், எஸ்” என்று தலையாட்டி வைத்தேன். பிறகு அவர் உதட்டில் விரலை வைத்து, “டீச்சர், நோ ஹெல்ப்” என்று சொல்லிவிட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“கிவ் மீ தி ஸ்பூன்.” அக்கா எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “கிவ் மீ தி டவல்.” கொடுத்தாள். தட்டு, டம்ளர், கத்தி எல்லாம் சரியாக வந்தன. அந்தம்மா சிரித்தார்.

“கிவ் மீ தி சால்ட்.”

அக்கா நேராகப் போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். நீட்டியிருந்த கையில் கொடுக்காமல், அதற்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் யாரும் உப்பைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். அளத்தில் ஒரு பிடி உப்பு கேட்டால்கூட வரப்பில் வைப்பார்கள், கேட்டவர் எடுத்துக்கொள்வார். அக்கா அதை யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்துவிட்டது.

“நோ. கிவ் மீ தி சால்ட்” என்றார் அந்தம்மா. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அக்கா முகம் வெளுத்துவிட்டது. கொடுத்தாகிவிட்டது என்றுதான் அவளுக்கு நினைப்பு. மறுபடியும் கேட்டால் என்ன அர்த்தம்? ஜாடியைத் திறந்து பார்த்தாள். பதினைந்து வருஷம் உப்பைச் சுமந்தவளுக்கு அது உப்புதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. ஓடிப்போய்ச் சர்க்கரையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். அதற்கும் இல்லை என்று தலையசைப்பு. மிளகுத்தூளைக் கொடுத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு எல்லாம் புரிந்திருந்தது, ஜாடியை மேஜையில் வைத்தபோதே. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மனசுக்குள் ‘சால்ட்’, ‘ஹேண்ட்’, ‘ஃபைட்’ என்று கூட்டிக்கொண்டிருந்தேன். தப்பும் தவறுமாகச் சொன்னால், இவளா டீச்சர் என்று நிறுவனத்துக்குப் போன் போய்விடும், என் வேலையும் போய்விடும் என்று பயம். கையால் ஜாடை காட்டியாவது சொல்லியிருக்கலாம். நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா மெல்லத் தொண்டையைச் செருமிவிட்டு, “சாரி” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம், மழை. கீழ்புத்துப்பட்டு வரைக்கும் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கூனிமேட்டில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்.

“சால்ட்டுன்னா உப்புதான டீச்சர்? நான் தப்பா படிச்சிட்டனா?”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே.

“இன்னும் கொஞ்சம் படிக்கணும்க்கா” என்றேன்.

“நமக்கு மண்டையில ஏறல. உங்க மேல என்னா தப்பு” என்றாள். என் கையைத் தட்டிக்கொடுத்தாள். கொடுமை என்னவென்றால், எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

தையில் அளம் திறந்தது. அக்கா நெற்றிவரை துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். கொஞ்ச நாளில் நிறுவனம் வகுப்பை மூடிக்கொண்டு போனது. நான் மெட்ராஸுக்கு வந்து ஒரு ஆபீஸில் சேர்ந்தேன். இங்கிலீஷ் எப்படியோ வாயில் வந்துவிட்டது.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக மரக்காணம் போனேன். கொட்டகை இருந்த இடத்தில் வெறும் தரை. அக்காவின் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். பெரிய பெண் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம். அக்காவுக்கு ஒரு கண் சுத்தமாகத் தெரியாதாம். விலாசமோ நம்பரோ யாரிடமும் இல்லை.

“இங்கிலீஷ் கிளாஸுக்குப் போச்சே, அந்த அஞ்சலாட்சியா?” என்று பக்கத்து வீட்டம்மா சிரித்தார். “அதுவே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். நான் ஒரு மக்கு, உப்புக்கும் சக்கரைக்கும் வித்தியாசம் தெரியாம வேலையக் கோட்டவுட்டேன்னு.”

நானும் அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.