மயிலிட்டிக்குப் போன நீர்வேலி மேகம்

வெறும் வானத்தைக் கண்டால் அருந்ததிக்குக் கை சும்மா இருக்காது.

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் மார்க்கண்டுவின் ஒரே மகள் அவள். வயது முப்பத்தொன்பது. அச்சுவேலியில் ஒரு ஸ்ரூடியோவில் பன்னிரண்டு வருஷமாகக் கொம்பியூட்டரில் படம் திருத்துகிறாள். இரண்டு தரம் கல்யாணம் பேசி, இரண்டு தரமும் குழம்பியது. அதற்குப் பிறகு எந்த இடத்திலும் அவளுக்கு இருப்புக்கொள்வதில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவாள். வாசலுக்கு வந்து போகிற பஸ்ஸைப் பார்ப்பாள். பிறகு ஏதோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவள்போல உள்ளே ஓடுவாள்.

"நீ எழும்பி எழும்பி இருக்கிறதில கதிரைக்கு இடுப்பு முறிஞ்சுபோச்சு" என்பார் ஸ்ரூடியோ முதலாளி நோர்மன்.

"கதிரை முறிஞ்சா வேறை வாங்கலாம் அண்ணை. என்னை ஆர் மாத்துறது?"

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அந்தச் சிரிப்புக்குள் இருந்த வெறுமை அவளுக்கு மட்டுமே தெரியும். அதனால்தானோ என்னவோ, படங்களில் மேகமில்லாமல் வெளிறிக் கிடக்கும் வானத்தை அவளால் பொறுக்க முடியவில்லை. அப்பாவின் தோட்டத்து வரம்பில் நின்று எடுத்த நூற்றுக்கணக்கான வானங்கள் அவளுடைய கொம்பியூட்டரில் இருந்தன. யார் படம் கொண்டுவந்தாலும் அவற்றில் ஒன்றை எடுத்து ஒட்டிவிடுவாள். எல்லாரும் சந்தோஷமாகத்தான் வாங்கிப் போனார்கள்.

றெபேக்கா வரும்வரைக்கும்.

மயிலிட்டியில் இருந்து வந்திருந்தாள் அந்த இளம் பெண். அவளுடைய கணவன் ஜெரிசனும், அவனோடு தொழிலுக்குப் போன நிருஷனும் ஒரு மாதத்துக்கு முன் கடலில் போய்விட்டார்கள். இருந்தாற்போல் எழும்பிய காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. முப்பத்தோராம் நாளுக்குக் கண்ணீர் அஞ்சலி பனர் அடிக்க வேண்டும்.

"அண்டைக்குப் பின்னேரம் வள்ளம் இறக்கேக்கை நான் போனில எடுத்தது அக்கா. இதுதான் கடைசிப் படம். வடிவாச் செய்து..."

படத்தை அனுப்பிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

இறங்குதுறையில் இரண்டு பேரும் சிரித்தபடி நிற்கிறார்கள். நிருஷன் கையை உயர்த்திக் காட்டுகிறான். பின்னால் ஒரு பொட்டு மேகம் இல்லாத வானம். அருந்ததிக்குக் கண் நிறைந்தது. இந்தப் பிள்ளைகளை இப்படி ஒரு வெறுமைக்குள்ளா விடுவது?

போன வருஷம் வாழைக்குட்டிகள் வாடிக் கிடந்தபோது வந்த மேகம் ஒன்றை எடுத்தாள். கன்னங்கரேலென்று, ஓரத்தில் பொன்னிறம் கோலியபடி எழும்பிய மேகம். அதைக் கண்டு அப்பா தோட்டத்துக்குள் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். தோட்டக்காரர் வீட்டில் அதைவிட மங்களமான காட்சி வேறு எது?

பழைய வானத்தைத் தெரிவுசெய்து நீக்கினாள். தலைமயிரின் ஓரங்களை ஒவ்வொரு இழையாக ஒதுக்கினாள். மேகத்தை ஆட்களுக்குப் பின்னால் வைத்து, கடல் முடியும் கோட்டோடு பொருத்தினாள். முகங்களின் வெளிச்சத்தைக் கொஞ்சம் தணித்தாள். நோர்மன் எட்டிப் பார்த்து, "அருமை, அடிக்கக் குடு" என்றார்.

தோட்டக்காரருக்கு வரமாக வரும் மேகம் கடற்காரருக்கு என்னவாக வரும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை!

பனர் கட்டிய மறுநாள் காலை றெபேக்கா ஸ்ரூடியோவுக்குள் ஓடிவந்தாள். செருப்புக்கூட இல்லை.

"உங்களுக்கு நான் என்ன செய்தனான் அக்கா? உங்களை ஆர் முகில் வைக்கச் சொன்னது?"

"ஏன் பிள்ளை, வடிவா..."

"வடிவோ? உப்பிடிக் கறுத்து நிக்கேக்கை ஆராவது வள்ளம் இறக்குவினமோ? மழைக்குணம் தெரிஞ்சும் மீனுக்கு ஆசைப்பட்டு இவர்தான் நிருஷனை இழுத்துக்கொண்டு போனவர் எண்டு ஊர் கதைக்குது. இல்லை எண்டு ஊருக்குக் காட்ட என்னட்டை இருந்தது அந்த வெறும் வானம் ஒண்டுதான். பனரில அதையும் அழிச்சுப்போட்டியளே! நிருஷன்டை அம்மா பனரை இழுத்து விழுத்தி, கொலைகாரன், கொலைகாரன் எண்டு கத்துறா!"

அருந்ததிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மடிக்கணினியை அள்ளிக்கொண்டு, றெபேக்காவை ஸ்கூட்டியில் ஏற்றினாள். வழி முழுக்க, செத்துப்போன ஒருவனைத் தான் இன்னொரு தரம் கொன்றுவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது.

நிருஷனின் தாய் கமலாவதி முற்றத்தில் இருந்தாள். ஆளுயரப் பனர் முன்னால் கிடந்தது. அருந்ததி மண்டியிட்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

"அம்மா, பாருங்கோ. இந்த முகில் நான் ஒட்டினது. எடுக்கிறன்... இதுதான் அண்டைக்கு இருந்த வானம்."

மேகம் மறைந்தது. கமலாவதி கண் வெட்டாமல் பார்த்தாள்.

"விரலாலை ஒரு தட்டில எடுக்கிறாய். ஒரு தட்டில வைக்கிறாய். அப்ப உந்த வெறும் வானத்தையும் நீதானே வைச்சிருப்பாய்? இவள் சொல்லித்தந்தவளோ?"

"அம்மா, என்ரை போனிலையும் இருக்கு" என்றாள் றெபேக்கா.

"போனிலையும் உதெல்லாம் செய்யலாமாம். எனக்கென்ன, கண் தெரியாது எண்டு நினைச்சியளோ?"

எத்தனையோ பொய் வானங்களை ஊர் நம்பியது. ஒரே ஒரு உண்மை வானத்தைக் கொண்டுவந்து நீட்டினால் நம்ப ஆளில்லை! அருந்ததி எழும்பினாள். வேலிக்கும் கிணற்றுக்குமாக நடந்தாள்.

கமலாவதி பனரின்மேல் குனிந்தாள். மகனின் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். அவளுடைய கை முகத்தில் இருந்து நெஞ்சுக்கு, நெஞ்சில் இருந்து காலுக்கு இறங்கியது. அங்கே நின்றுவிட்டது.

"பிள்ளை, இஞ்சை வா. இது என்ன?"

"நிழல் அம்மா."

"நீ கீறினதோ?"

அருந்ததி பார்த்தாள். முகம் எரிந்தது. துறையின் சீமெந்தில் நிருஷனின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழுந்திருந்தது. உயர்த்திய கையின் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

"இல்லை அம்மா. முகில் மூடினா உப்பிடி நிழல் விழாது. அழிச்சிருக்க வேணும். மறந்துபோனன். பழகுற பிள்ளையள் விடுற பிழை."

"கடலிலையும் கை வைக்கேல்லையோ?"

"கடலைத் தொடவேயில்லை."

கமலாவதி பனரில் இருந்த கடலைப் பார்த்தாள். எண்ணெய் ஊற்றியதுபோல மினுங்கிக் கிடந்தது. நாற்பது வருஷம் அதே கரையில் கருவாடு காயப்போட்டவளுக்கு வெயிலையும் தண்ணீரையும் யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

"வெயில் எறிச்சிருக்கு..." விரலால் நிழலைத் தடவினாள். "சுள்ளெண்டு எறிச்சிருக்கு. நான் நிண்டிருந்தாலும் கடலுக்குப் போட்டு வா எண்டுதான் அனுப்பியிருப்பன். ஐயோ ஜெரிசன், உன்னைப் பேசிப்போட்டனேடா ராசா!"

றெபேக்கா அவளுடைய மடியில் விழுந்தாள். ஒரு மாதமாக ஒரே குறுகிய ஒழுங்கையில் எதிர்ப்பட்டும் முகம் பாராமல் போன இரண்டு பெண்களும் அன்று சேர்ந்து அழுதார்கள்.

அருந்ததி பனரைச் சுருட்டப் போனாள். "இண்டைக்கே வேறை அடிச்சுக்கொண்டு வாறன் அம்மா."

"வை அதை" என்று கமலாவதி கையைத் தட்டிவிட்டாள். "நீ வேறை கொண்டந்தால் அதையும் நம்பாதுகள். இதையே கட்டு. ஆனால் கீழ, தலைக்குமேல வேண்டாம். நிழல் கைக்கெட்ட வரவேணும்."

கட்டினார்கள். வானம் உள்ள மேல்பகுதி வேலிக்கு மேலாக மடிந்து தொங்கியது. முப்பத்தோராம் நாள் செபத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் கமலாவதி ஒழுங்கை வாசலில் மறித்தாள். கையைப் பிடித்து இழுத்துப்போய், குனியவைத்து, விரலால் தொட்டுக் காட்டினாள்.

"மேல பாராதை. என்ரை பிள்ளையின்ரை காலடியைப் பார். ஜெரிசன் வெயிலுக்கைதான் கூட்டிக்கொண்டு போனவன்."