நெவில் பர்பரியின் தார்ப்பாய்

எங்கள் தெருவில் விறகுக்குப் பூட்டுப் போட்டவர் நெவில் பர்பரி ஒருவர்தான். அடுக்கின் நாலு பக்கமும் தரைவரை கறுப்புத் தார்ப்பாய், ஓரம் முழுக்கச் செங்கல், குறுக்கே கயிறு, கயிற்றுக்கு மேல் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. டாஸ்மேனியாவின் வடக்கே, ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிற எங்கள் ஊரில் மே முதல் செப்டம்பர்வரை விறகில்லாமல் ஒரு வீடும் ஓடாது. ஆனாலும் நாங்களெல்லாம் கொட்டகையில் அடுக்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறவர்கள்.

நெவில் முப்பத்து நாலு வருடம் கம்பளி ஆலையில் இருந்தவர். வருகிற பொதிகளைச் சோதிப்பது வேலை. எடை கூடட்டும் என்று கம்பளியை நனைத்து அனுப்புகிறவர்கள் உண்டு, நடுவில் மணலைத் தூவுகிறவர்களும் உண்டு. நெவில் முழங்கைவரை கையை விட்டு, விரல் நுனியிலேயே ஈரத்தைச் சொல்லிவிடுவார். தான் சந்தேகப்பட்ட பத்துப் பொதியில் ஏழில் ஏதாவது இருக்கும் என்பார். மீதி மூன்றிலும் இருந்திருக்கும், தன் கைக்கு அகப்படவில்லை என்பது அவர் கருத்து. தப்பாய்ப் போன சந்தேகத்திலிருந்து ஒருவன் எதையாவது கற்றுக்கொள்ளக்கூடும். சரியாய்ப் போன சந்தேகம் எதையும் கற்றுத்தருவதில்லை. அடுத்ததைத் தேட வைக்கிறது, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றபின் சோதிக்கப் பொதி இல்லை. அதனால் முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மின்சாரக் கணக்கெடுக்க வருபவர் போனதும் தானே போய் மீட்டரை ஒருமுறை படித்தார். நான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த புதிதில் கொண்டுபோய்க் கொடுத்த ஆப்பிள்களில் ஒன்றை வாசலிலேயே நறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போனார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு ஆப்பிளில் புழு இருந்தது.

பிப்ரவரியில் அவரும் நானும் ஒரே லாரி விறகு வாங்கினோம். மலைப்பக்கத்துத் தைல மரம், கூடக் கொஞ்சம் சவுக்கு. கொண்டுவந்தவர் டட்லி. இந்தத் தெருவுக்கு இருபது வருடமாக அவர்தான் விறகு. பாதியை என் வாசலில் கொட்டினார், பாதியை நெவில் வாசலில். நெவில் ஒரு கட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"பச்சை வாடை அடிக்குதே, டட்லி."

"அடிக்கத்தான் செய்யும். போன அக்டோபர்ல பிளந்தது. இன்னும் மூணு மாசம் காத்து வாங்கணும். மேல மட்டும் மூடு, பக்கமெல்லாம் திறந்து விடு. ஜூன்ல எடுத்தா கணகணன்னு எரியும்."

"திறந்து விடணுமா?"

"ஆமா, திறந்துதான் விடணும். வேற எப்படிக் காயும்?"

லாரி போன பிறகு நெவில் வேலியோரம் வந்தார்.

"கேட்டீங்களா? திறந்து வைக்கச் சொல்றான். ஏன்னு யோசிச்சீங்களா?"

"காயறதுக்குத்தானே?"

"கீழ்த்தெருவுல போன குளிர்காலத்துல விறகு திருட்டுப் போச்சு. யார் வீட்ல எவ்வளவு கிடக்குன்னு ஊர்ல எல்லாரையும் விட நல்லாத் தெரிஞ்சவன் யாரு?" என்று லாரி போன திசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தச் சந்தேகத்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது.

அன்று சாயங்காலமே ஒவ்வொரு கட்டையின் முனையிலும் நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, வீட்டின் தெற்குச் சுவரோரம் வெறும் மண்மேல் அடுக்கி, தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார். அந்தப் பக்கம் அவர் படுக்கையறை ஜன்னல் இருக்கிறது, கண்காணிக்க வசதி. எங்கள் ஊரில் வெயில் வடக்கிலிருந்து வரும். தெற்குச் சுவர் வருடம் முழுக்க நிழல்தான்.

அவர் மனைவி எனிட் அதிகம் பேசமாட்டார். கை மூட்டுகள் வீங்கி விரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்துபோனவர். குளிர்காலத்தில் காலை எழுந்ததும் கணப்படுப்பின் கண்ணாடிக் கதவு முன்னால் அரைமணி நேரம் கையைக் காட்டினால்தான் அவரால் ஒரு பொத்தானைப் போட முடியும். மின்சாரக் கணப்பு வாங்கிப் பார்த்தார்கள். அந்தச் சூடு தோலோடு நின்றுவிடுகிறது, எலும்புவரை போகவில்லை என்று எனிட் சொன்னார். ஆகவே அந்த வீட்டில் அந்த இரும்பு அடுப்பு எரிந்தே ஆகவேண்டும்.

ஜூன் பிறந்ததும் அவர்கள் புகைபோக்கியிலிருந்து சாம்பல் நிறத்தில் கெட்டியான புகை வர ஆரம்பித்தது. காற்றில்லாத சாயங்காலங்களில் பள்ளத்தாக்கில் புகை மேலே ஏறாது, தெருவிலேயே படுத்துக்கொள்ளும். துணியெல்லாம் வாடை. ஜூலை முதல் வாரத்தில் நெவிலுக்கு நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து கெட்டியான புகை விடுவதாகவும், பதினெட்டாம் தேதி வந்து பார்ப்பதாகவும், சரியில்லை என்றால் அடுப்பை எரிக்கத் தடை போடப்படும் என்றும் எழுதியிருந்தார்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"புகார் எழுதிப் போட்டது நீங்கதானா?"

"நான் இல்ல."

"உங்க ஜன்னல்லதான் புகை வந்து விழுது."

"விழுது. ஆனா நான் எழுதல, நெவில்."

"எழுதினவன் எழுதினேன்னு சொல்லவா போறான்?" என்றார்.

இரண்டு நாளில் குற்றவாளி மாறினார். ஈர விறகைத் தலையில் கட்டி டட்லி ஏமாற்றிவிட்டார், புகை அதனால்தான். மதுக்கடையில், தபால் நிலையத்தில், முடிவெட்டும் இடத்தில் எல்லாம் சொன்னார். அதிகாரி வருகிற அன்று டட்லியையும் வரச் சொல்லி ஆளனுப்பினார். டட்லி வந்தார். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

வந்த அதிகாரி ஒரு இளம்பெண். பெயர் டனிகா. கையில் இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருந்த, ஈரத்தைச் சதவீதத்தில் காட்டுகிற சின்னக் கருவி. நெவில் பூட்டைத் திறந்து, தார்ப்பாயின் ஒரு மூலையை மட்டும் தூக்கி ஒரு கட்டையை உருவிக் கொடுத்தார். டனிகா அதைக் கோடரியால் பிளந்து, புதிதாய்த் தெரிந்த முகத்தில் ஊசியைக் குத்தினாள்.

"முப்பத்தொண்ணு. இருபதுக்குள்ள இருக்கணும், சார்."

நெவில் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அடுப்பு போகப்போகிறது என்பதே அவருக்கு மறந்துவிட்டது. "எழுதிக்கோம்மா. விறகுக்காரர் இதோ நிக்கிறார், அவர் பேரையும் எழுதிக்கோ."

டட்லி என்னிடம் திரும்பினார். "உன் பாதி எங்க?"

என் கொட்டகை வடக்குப் பார்த்தது. மேலே தகரம், பக்கங்களில் இடைவெளி விட்ட பலகை. நாலு பேரும் போனோம். டனிகா நடுவரிசையிலிருந்து தானே ஒன்றை எடுத்துப் பிளந்து குத்தினாள். பதினாறு. இன்னொன்று. பதினைந்து.

"ஒரே மரம், ஒரே லாரி, ஒரே நாள்," என்றார் டட்லி. "வெட்டிக் கொடுத்தது நான்தான்யா. மூச்சு விடவிடாமக் கட்டிப் போட்டது நீ."

நெவில் என் விறகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாத்தியிருக்கலாம்ல?"

"என்னது?"

"என்னோடத நீங்க எடுத்துட்டு, உங்களோடத அங்க வெச்சிருக்கலாம்ல? சாவி போட்டா திறக்காதா என்ன. என் கட்டையில நீலக்கோடு இருக்கும். பார்த்துடுவோம்."

திரும்பி அவர் வீட்டுக்கு வந்தோம். எங்களுக்கு முன்னாலேயே எனிட் அங்கே இருந்தார். சமையலறைக் கத்தரிக்கோலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, உடம்பைச் சாய்த்து அழுத்தி, கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். விரலால் பிடிக்க முடியாதவர் அப்படித்தான் வெட்டுவார்.

"எனிட், என்ன பண்ற நீ?"

"மார்ச்லேருந்து திறந்து விடுன்னு சொல்லிட்டிருக்கேன், நெவில். ஆலையில எந்தப் பொதியைத் தொட்டாலும் ஈரம் தெரியும் உனக்கு. இதை ஒரு நாளாவது உள்ள கைவிட்டுப் பார்த்தியா?"

தார்ப்பாய் சரிந்தது. அதன் உட்பக்கம் முழுக்க வியர்த்து, துளித்துளியாய் மண்ணில் சொட்டியது. கட்டைகளின் முனையில் வெள்ளைப் பூஞ்சை. நீலக்கோடுகள் கரைந்து இறங்கி, எது யாருடையது என்று சொல்ல ஒன்றுமில்லாமல் போயிருந்தன. நெவில் அடுக்கின் நடுவில் கையை விட்டார், முழங்கைவரை. வெகுநேரம் அதை வெளியே எடுக்கவில்லை. எடுத்ததும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

டனிகா மூன்று வாரம் தவணை கொடுத்தாள். அதுவரை காய்ந்த விறகு எரிக்கலாம், இந்த விறகில் ஒரு கட்டைகூடக் கூடாது. மறுபடி வரும்போது புகைபோக்கியைப் பார்ப்பாள். புகை இருந்தால் தடைதான்.

"யார் புகார் கொடுத்தாங்கன்னு மட்டும் சொல்லும்மா," என்றார் நெவில்.

"யாரும் கொடுக்கல, சார். சாயங்காலத்துல எங்க வண்டி ஊரைச் சுத்தி வந்து புகையை அளக்கும். உங்க வீடு அதுல மாட்டிக்கிச்சு."

அவள் போன பிறகு அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வண்டிக்கு நம்ம தெரு எப்படித் தெரிஞ்சுதாம்?"

ஆகஸ்ட் பிறக்கும் நேரத்தில் எங்கள் ஊரில் காய்ந்த விறகு விலைக்குக் கிடைக்காது. டட்லியிடம் இருந்தாலும் கேட்க நெவிலுக்கு வாய் வராது. என் கொட்டகையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மா எதுக்குக் கொடுப்பீங்க?"

உண்மையான காரணம் எனிட்டின் கைகள். அதைச் சொன்னால் அதற்குப் பின்னாலும் எதையாவது தேடுவார். அதனால் மாற்றாக எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் ஈரக் கட்டை எத்தனை என் கொட்டகைக்கு வருகிறதோ அத்தனை காய்ந்த கட்டை அங்கே போகட்டும். அவருடையது இங்கே அடுத்த வருடத்துக்குக் காயட்டும். இது அவருக்குப் புரிந்தது.

மறுநாள் காலை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியோடு வந்தார். நான் எடுத்துக் கொடுத்ததை வாங்கவில்லை, தானே பொறுக்கினார். அப்போதுதான் அந்த மனிதரின் கைத்திறமையை முதன்முறையாகப் பார்த்தேன். ஒரு கட்டையைத் தூக்கி எடை பார்ப்பார். முனையில் நட்சத்திரம்போல வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பார்ப்பார். பட்டையை நகத்தால் நெம்புவார், காய்ந்ததில் அது கழன்று வரும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிக் காது கொடுப்பார். காய்ந்தது மணிபோல் ஒலிக்கும், ஈரமானது பொத்தென்று கேட்கும். ஒவ்வொன்றையும் என்னை நம்பாமல்தான் பார்த்தார். ஆனால் ஒன்றைக்கூடத் தவறாகச் சொல்லவில்லை. பாராட்டத் தோன்றியது. இத்தனை அறிந்த கை ஐந்து மாதம் பூட்டைத் தடவிக்கொண்டிருந்தது என்பதும் கூடவே தோன்றியதால் பேசாமல் இருந்தேன்.

டனிகா மறுபடி வந்த அன்று என்னையும் எனிட் கூப்பிட்டார். நெவில் அடுப்பின் முன் மண்டியிட்டுத் தீ மூட்டினார். கசக்கிய தாள், மேலே பெருவிரல் தடிமனில் சுள்ளி, அதற்கும் மேல் சவுக்கில் மெல்லிய பிளப்பு இரண்டு. காற்று வரும் வழியை முழுக்கத் திறந்துவிட்டார். அது நன்றாகப் பிடித்தபிறகுதான் பெரிய கட்டை, அதுவும் ஒன்றே ஒன்று. டனிகா வெளியே நின்று கடிகாரத்தையும் கூரையையும் பார்த்தாள். முதல் நாலைந்து நிமிடம் லேசாக ஒரு புகை. பிறகு அதுவும் இல்லை. புகைபோக்கிக்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது.

"சரியா இருக்கு, சார். தடை இல்ல."

நெவில் அவள் நீட்டிய தாளை இரண்டு தரம் படித்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதையும் பார்த்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். உள்ளே எனிட் அடுப்பின் கண்ணாடிக் கதவு முன்னால் உட்கார்ந்து கைகளை நீட்டியிருந்தார்.

இப்போது அவருடைய விறகு என் கொட்டகையில் இருக்கிறது. தினமும் மூன்று மணிக்கு வந்து பார்க்கிறார். நான் எரித்துவிடவில்லையா, டட்லிக்கு விற்றுவிடவில்லையா என்று. டட்லியிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் மதுக்கடையில் அந்தப் பேச்சு நின்றிருக்கிறது. இங்கே வந்தால் ஒவ்வொரு வரிசையாகப் பார்க்க அவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. மழை பெய்தால் கொட்டகைக்குள்ளேயே நின்று, விறகைப் பார்த்தபடி, ஆலைக் கதை சொல்கிறார். நான் குடிவந்த பதினொரு வருடத்தில் குற்றம் சாட்ட வந்ததைத் தவிர என் வேலிக்குள் அவர் இதற்கு முன் கால் வைத்ததே இல்லை என்று எனிட் சொல்கிறார். இதற்கு நட்பு என்று பெயர் வைக்க நான் தயாராக இல்லை. நேற்று மூன்று மணிக்கு அவர் வரவில்லை. மூன்றரைக்கு நான் வேலியோரம் போய் எட்டிப் பார்த்தேன்.