மாதிரிக்கு வந்த மூக்கு

தென்காசிக்கு வாரம் ஒருநாள் வரும் மூக்கு டாக்டர் என்னுடைய பழைய போட்டோ ஒன்றைக் கேட்டார். என்னிடம் இல்லை. அழகுக்காகச் செய்துகொண்ட முதல் ஆபரேஷனில் மூக்குத்தண்டின் மேட்டைச் செதுக்கி எடுத்திருந்தார்கள். கட்டுப் பிரித்த அன்றே போனில் இருந்த படங்களை எல்லாம் அழித்தேன். ஆல்பத்தையும் விடவில்லை. அவ்வளவு அவசரம். எட்டே மாதத்தில் தண்டு உள்வாங்கி, இடது பக்கம் மூச்சு அடைத்துக்கொண்டது. மாடிப்படி ஏறினால் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

“அதிகமாச் செதுக்கிட்டாங்க. காதுல இருந்து குருத்தெலும்பு எடுத்து வைக்கணும். முதல்ல எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சா நல்லது. வீட்ல வேற யாருக்காவது அதே மூக்கு இருக்கா?”

இருந்தது. சிவகிரியில் போலீஸாக இருக்கும் என் அண்ணனுக்கு. இரண்டு பேருக்கும் அப்பாவின் மூக்கு. முதல் ஆபரேஷனுக்கு அவனிடம் சொல்லாமல்தான் போனேன். அதிலிருந்து அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. போன் செய்ய எனக்கு மூன்று நாள் பிடித்தது.

“ஏட்டி, வேண்டாம்னுதான வெட்டிப் போட்ட? இப்ப எதுக்கு என் மூக்கு?”

“மூச்சு விட முடியலண்ணே.”

“வியாழக்கிழம லீவு. வாரேன்.”

டாக்டர் அவனை உட்காரவைத்து நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்தார். பிறகு அவன் படத்தையும் என் படத்தையும் கம்ப்யூட்டரில் அருகருகே வைத்து, “இதே மாதிரி வேணுமா?” என்று கேட்டார்.

அண்ணன் சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்காக ‘ஆமாம்’ என்று பொய் சொன்னால் அந்தப் பொய்யை நான்தான் முகத்தில் சுமக்க வேண்டும்.

“மேடு கொஞ்சம் கம்மியா.”

“எவ்வளவு கம்மின்னு வெவரமாச் சொல்லிரு. எனக்கும் சேத்துக் குறிச்சிக்கிடுவாரு” என்றான் அண்ணன். டாக்டர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

முதல் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷமாவது ஆக வேண்டுமாம்; இன்னும் நான்கு மாதம் பொறுக்கச் சொன்னார். வெளியே வந்ததும் அவன் பைக்கைக் குற்றாலத்துக்கு விட்டான். அருவியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கூட்டத்துக்குப் பின்னால் சாரல் விழுகிற இடத்தில் வண்டியை நிறுத்தினான்.

“ஏட்டி, அவ்வளவு மோசமாவா இருக்கு?”

தன் மூக்கைத்தான் கேட்கிறான் என்று புரிந்தது. இந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல்தான் எட்டு மாதமாக அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒனக்கு மீச இருக்குல்லாண்ணே. அதுக்கும் இதுக்கும் சரியாப் போயிருது. எனக்கு என்ன இருக்கு?”

அவன் பைக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினான். துளிகளைத் துடைத்துவிட்டு, முகத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து வெகுநேரம் பார்த்தான்.