ஈசானி மூலைக் காற்றுக் குழாய்

குளியலறைக் கூரைக்கு ஒரு முழம் கீழேயே நின்றுபோய், வாயில் சிமெண்ட் அடைத்த ஒரு குழாய். மோகனூரில் என் புகுந்த வீட்டை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அதுதான். சாக்கடைக் காற்று மேலேறிப் போவதற்கான குழாய் அது. கூரையைத் தாண்டி நிற்க வேண்டும். ஆனால் குளியலறை இருந்தது வடகிழக்கில், ஈசானி மூலையில். தென்மேற்கான கன்னி மூலையைவிட அது உயர்ந்தால் குடும்பம் விளங்காது என்று மாமனார் பாதியிலேயே அடைக்கச் சொல்லிவிட்டார். சாத்திரம் தப்பவில்லை, நாற்றம்தான் வீட்டுக்குள் தங்கிவிட்டது.

நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மேலிருந்து காற்று இறங்க வழியில்லாததால், ஷவரைத் திறந்தால் போதும், தண்ணீர் இறங்கும் துளை 'களக் களக்' என்று வீடு முழுக்கக் கேட்கும்படி விக்கும். அது எண்பதுகளின் தொடக்கம். கணவர் லாரியோடு வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆட்கள் நிறைந்த அந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழ எனக்கென்று இருந்தது அந்த ஓர் அறைதான். அங்கேயும் எப்போது தண்ணீரைத் திறந்தேன், எப்போது நிறுத்தினேன் என்பது அடுப்படியில் இருக்கும் மாமியாருக்குத் தெரிந்துவிடும். சத்தம் நின்றதுமே, "ஆச்சா சாமி?" என்று குரல் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஷவர் துருப்பிடித்து, மாற்ற ஆள் வந்தது. குழாய்க்காரர் தரையில் கரித்துண்டால் கோடு போட்டுக் காட்டினார். "காத்துப் போக்கு இல்லாம எத்தன ஷவர் மாத்துனாலும் இப்படித்தானுங்க கத்தும்."

மாமனார் அசையவில்லை. மருமகள் நான் என்ன பேச? எதிர்பாராமல் மாமியார்தான் வாயைத் திறந்தார். "ஏனுங்க, ஒழுகற தண்ணித் தொட்டிய எப்படியும் புதுசாக் கட்டோணும். அதக் கன்னி மூலையில தூக்கிக் கட்டீட்டா அதுதானுங்களே உசரம்?"

மாமனார் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார். தொட்டி ஏறியது; குழாயும் கூரையைத் தாண்டியது.

வேலை முடிந்த மறுநாள் கதவைச் சாத்தினேன். தண்ணீர் இறங்கும் துளையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஷவரை நிறுத்திவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன். கடைசியில் ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று அப்படியொரு நிம்மதி. அது நிலைக்கவில்லை. யாரோ இரண்டு கைகளாலும் கதவை இடித்தார்கள். திறந்தால் மாமியார். முகமெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"சத்தத்தையே காணமே சாமி... அது கத்தீட்டு இருந்தா நீ உசுரோட இருக்கறேன்னு தெரிஞ்சுக்குவேன். இந்த ஊட்டுக்கு வந்த புதுசுல நானும் தாப்பாளப் போட்டுட்டு என்னென்னமோ நெனச்சவதான்."

வேவு பார்க்கிறார் என்று அத்தனை நாளும் கறுவிக்கொண்டிருந்தேன். இனி அவர்மேல் கோபப்படவும் வழியில்லை.

இப்போது சேலத்தில் தனியாக இருக்கிறேன். தாழ்ப்பாளே போடாமல் அழலாம், கேட்க ஆளில்லை. மோகனூரில் அப்படியில்லை. அன்றிலிருந்து மாமியார் உயிரோடு இருந்த வரைக்கும், நடுநடுவே ஒரு குவளைத் தண்ணீரை அவருக்குக் கேட்கும்படி ஊற்றிக்கொண்டேதான் அழ வேண்டியிருந்தது.